ஊதினால் அணையும், ஊதினால் எரியும்

கார்த்திகைத் தீபத்தன்று அந்தி சாயும் நேரத்தில் திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள ஊர்களில் நின்றால், ஒரே காற்றில் மூன்று வகை நெருப்பைப் பார்க்கலாம். வாசற்படியில் வரிசையாக ஏற்றிய அகல் விளக்குகள் முதல் வகை. வாடை கொஞ்சம் வீசினாலும் அவை பொட்டென்று அணைந்துவிடும். ஏற்றியவர்கள் கையைக் குவித்துக்கொண்டு மறுபடி மறுபடி ஏற்றுவார்கள். தெருவில் பிள்ளைகள் சுற்றும் மாவளி இரண்டாம் வகை. பனம்பூவைச் சுட்டுக் கரியாக்கி, இடித்துத் துணியில் பொதிந்து, பிளந்த பனைமட்டைக்கு நடுவே வைத்துக் கட்டிய அந்தப் பொதி, சும்மா தொங்கவிட்டால் மங்கிக் கிடக்கும். கயிற்றைப் பிடித்துச் சுழற்றினால்தான் பொறி பொறியாகச் சொரியும். மூன்றாவது, 2,668 அடி உயர மலையுச்சியில் கொப்பரைக்குள் எரியும் மகாதீபம். சுமார் 3,500 கிலோ நெய்யையும் ஆயிரம் மீட்டர் அளவுக்குக் காடாத்துணியையும் விழுங்கும் அந்தத் தீயை, மறைப்பே இல்லாத உச்சியில் அடிக்கும் காற்று சாய்க்கிறது, கிழிக்கிறது, நீட்டுகிறது, அணைக்க முடிவதில்லை.

ஏன் இந்த ஓரவஞ்சனை? பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லித்தந்த விடை ஒன்று உண்டு: காற்றில் ஆக்சிஜன் இருக்கிறது, ஆக்சிஜன் கிடைத்தால் நெருப்பு எரியும். அப்படியானால் அகல் ஏன் அணைகிறது? காற்று சூட்டைக் கொண்டுபோய்விடுகிறது என்று இன்னொரு விடை சொல்வார்கள். அப்படியானால் மாவளி ஏன் சிவக்கிறது? இரண்டு விடையும் உண்மை, இரண்டும் அரை உண்மை. விளக்கு செய்தவர்கள், இரும்பு உருக்கியவர்கள், எந்திரப் பொறியாளர்கள், காட்டுத்தீ ஆய்வாளர்கள், தீயணைப்பு வீரர்கள் எனப் பலரும் தத்தம் வேலையினூடே இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். அவர்கள் கண்டதை ஒருசேர வைத்துப் பார்த்தால் ஒரு பொது விடை தெரிகிறது. காற்று ஒரு தீயை வளர்க்குமா அழிக்குமா என்பதைக் காற்றின் வேகம் மட்டும் முடிவு செய்வதில்லை. தீ தன் சூட்டை எதில், எவ்வளவு கையிருப்பாக வைத்திருக்கிறது என்பதுதான் பெரிதும் முடிவு செய்கிறது.

காற்றுக்கு நான்கு வேலை

நெருப்பின் மீது படும் காற்று ஒரே சமயத்தில் நான்கு காரியங்களைச் செய்கிறது. ஆக்சிஜனைக் கொண்டுவருகிறது. சூட்டைக் கொண்டுபோகிறது. சுடரை இடம் பெயர்த்து, எரிபொருளுக்குக் கிட்டவோ எட்டவோ தள்ளுகிறது. எரிபொருளின் ஆவியையும் ஆக்சிஜனையும் ஒன்றோடொன்று கலக்கிறது. முதலாவதும் நான்காவதும் பெரும்பாலும் தீக்கு வரவு. இரண்டாவது எப்போதும் செலவு. மூன்றாவது இடத்தைப் பொறுத்து இரண்டாகவும் ஆகும்.

நெருப்பும் ஒரே சாதியல்ல. எரிபொருள் ஆவியாகி, அந்த ஆவி காற்றோடு சேர்ந்து எரிவது சுடர். அகல், மெழுகுவர்த்தி, எரிவாயு அடுப்பு எல்லாம் இந்தக் கூட்டம். திடப்பொருளின் மேற்பரப்பே ஆக்சிஜனைப் பிடித்து எரிவது கங்கு. கரி, ஊதுவத்தி, கொசுவத்திச் சுருள், பீடி, மாவளி எல்லாம் அந்தக் கூட்டம். விறகு முதலில் சுடராகவும் பிறகு கங்காகவும் எரிகிறது. இந்தப் பிரிவினையை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

காற்றே வீசாதபோதும் வீசும் காற்று

காற்றில்லாத அறையில் எரியும் மெழுகுவர்த்திகூட அசையாக் காற்றில் எரிவதில்லை. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் ஃபாரடே சிறுவர்களுக்காக நிகழ்த்திய மெழுகுவர்த்திச் சொற்பொழிவுகள் 1861இல் நூலாக வந்தன. அவற்றில் அவர் முதலிலேயே காட்டியவற்றுள் ஒன்று, சுடர் தன்னைச் சுற்றி உண்டாக்கிக்கொள்ளும் மேல்நோக்கிய காற்றோட்டம். சூடான வாயு இலேசாகி மேலே ஏறுகிறது. அந்த இடத்தை நிரப்பக் குளிர்ந்த காற்று பக்கவாட்டிலிருந்து வருகிறது. சுடருக்கு வேல் முனை போன்ற வடிவம் கிடைப்பதும், மெழுகுக் கிண்ணத்தின் விளிம்பு உருகாமல் நிற்பதும் இந்த ஓட்டத்தால்தான்.

இதை மெய்ப்பிக்க வேண்டுமானால் எடையில்லாத இடத்துக்குப் போக வேண்டும். 1992இல் கொலம்பியா விண்கலத்திலும், பிறகு மிர் விண்வெளி நிலையத்திலும் மெழுகுவர்த்தி ஏற்றிப் பார்த்தார்கள். அங்கே மேல் கீழ் என்று இல்லாததால் சூடான வாயு எங்கும் ஏறவில்லை. சுடர் உருண்டையாகச் சுருங்கி, மங்கிய நீலமாக, சத்தமில்லாமல் நின்றது. தான் உண்டாக்கிய புகைவாயுவே அதைப் போர்வை போலச் சூழ்ந்துகொள்ள, ஆக்சிஜன் மெல்ல மெல்ல ஊறித்தான் உள்ளே வர முடிந்தது.

விண்வெளி நிலையத்தில் தீ எச்சரிக்கை ஒலித்தால் காற்றோட்ட விசிறிகள் முதலில் நிறுத்தப்படுவதன் காரணம் இதுதான். பூமியில் நெருப்பு தன் காற்றைத் தானே இழுத்துக்கொள்ளும். அங்கே விசிறிதான் அதற்கு ஊட்டிவிடுகிறது. நொடிக்குச் சில சென்டிமீட்டர் நகரும் காற்றுகூட அந்தச் சூழலில் தீயை வாழவைக்கப் போதும். ஆக, “காற்றோட்டம் தீயை எப்படி மாற்றுகிறது?” என்பது தீக்கு வெளியே இருந்து வரும் ஒன்றைப் பற்றிய கேள்வி மட்டுமல்ல. ஓட்டம் இல்லாமல் நாமறிந்த தீயே இல்லை.

சுடர் எப்படி அணைகிறது?

மெழுகுவர்த்தியை ஊதி அணைக்கிறோம். மூச்சிலுள்ள கரியமில வாயுதான் அணைத்தது என்று நம்புவோர் உண்டு. வெளிவிடும் மூச்சில் ஆக்சிஜன் 21 விழுக்காட்டிலிருந்து ஏறக்குறைய 16 ஆகக் குறைந்திருப்பது உண்மைதான். ஆனால் அதே வாய், அதே மூச்சு, ஊதுகுழல் வழியாகப் போய் அடுப்புக் கங்கைக் கொழுந்துவிட வைக்கிறது. மூச்சே இல்லாத பனையோலை விசிறியும் மெழுகுவர்த்தியை அணைக்கிறது. எனவே குற்றவாளி மூச்சின் கலவை அல்ல, அதன் வேகம்.

வேகம் என்ன செய்கிறது? சுடரில் எரிதல் நடக்கும் படலம் மில்லிமீட்டர் கணக்கில்தான் தடிமன். தீயின் சூடு முழுவதும் அந்த மெல்லிய வாயுப் படலத்தில் இருக்கிறது. திரியில் ஊறிய நெய்யையோ மெழுகையோ ஆவியாக்குவது அந்தச் சூடுதான்; அந்த ஆவியை எரிப்பதும் அதே சூடுதான். வேகமான காற்று அந்தப் படலத்தைத் திரியிலிருந்து பெயர்த்து எடுத்துவிட்டால், எரியும் இடமும் ஆவி பிறக்கும் இடமும் பிரிந்துபோகின்றன. அணைந்ததும் திரியிலிருந்து எழும் வெள்ளைப் புகை, எரியாமல் போன மெழுகு ஆவி. அந்தப் புகையில் ஒரு தீக்குச்சியைக் காட்டினால் நெருப்பு புகை வழியே இறங்கித் திரியை மறுபடி பற்றவைக்கும். எரிபொருள் இருந்தது, ஆக்சிஜன் இருந்தது, சூடுதான் இடம் மாறிப்போயிருந்தது என்பதற்கு இதைவிட எளிய சாட்சி வேண்டாம்.

இதை அளந்து சொல்ல ஒரு கணக்கு உண்டு. எரிவாயுவும் காற்றும் முன்கூட்டியே கலந்திருந்தால், அந்தக் கலவையினுள் சுடர் ஒரு குறிப்பிட்ட வேகத்தில்தான் முன்னேறும். மீத்தேனுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் அது நொடிக்கு ஏறக்குறைய 40 சென்டிமீட்டர். ஹைட்ரஜனுக்கு மட்டும் ஏறக்குறைய 3 மீட்டர். மிதிவண்டியில் நிதானமாகப் போகிறவரின் முகத்தில் அடிக்கும் காற்றே நொடிக்கு 4 மீட்டர் இருக்கும். எதிரே வரும் ஓட்டம் சுடரின் வேகத்தைவிட அதிகமானால் சுடர் பின்வாங்கும், பிறகு பறந்துபோகும். மெழுகுவர்த்திச் சுடரில் ஆவியும் காற்றும் முன்கூட்டிக் கலப்பதில்லை என்றாலும், அதன் அடியில் நீலமாகத் தெரியும் விளிம்பில் சிறிதளவு கலந்து, அந்த விளிம்பே சுடரைத் திரியோடு பிடித்து வைத்திருக்கிறது. ஊதும்போது முதலில் அறுபடுவது அந்தப் பிடிதான்.

1930களில் ஜெர்மானிய வேதியியலாளர் கெர்ஹார்ட் டாம்கோலர் இதையே இரண்டு நேரங்களின் போட்டியாக எழுதினார். வாயு அந்த இடத்தில் தங்கியிருக்கும் நேரம் ஒன்று. வேதிவினை முடிய வேண்டிய நேரம் மற்றொன்று. தங்கும் நேரம் அதிகமாக இருந்தால் தீ நிலைக்கும். வினை முடிவதற்குள் காற்று அடித்துக்கொண்டு போய்விட்டால் அணையும். இன்றும் அந்த விகிதத்துக்கு அவர் பெயர்தான். மகாதீபம் ஏன் நிற்கிறது என்பதற்குப் பாதி விடை இதில் இருக்கிறது. பெரிய சுடருக்குள் நுழைந்த வாயு வெளியேற அதிக நேரம் ஆகிறது. ஒருபுறம் பிய்ந்துபோனாலும், கொப்பரை விளிம்பின் மறைவில் எரியும் பகுதி அதை மறுபடி பற்றவைக்கிறது. காய்ந்து சிவந்த துணித்திரியும் கொப்பரையும் சூட்டைத் தேக்கி வைத்திருக்கின்றன.

அதற்காகப் பெரிய சுடரை ஊதி அணைக்கவே முடியாது என்றில்லை. ஊதும் வாய் அந்த அளவுக்குப் பெரிதாக வேண்டும். 1991இல் குவைத்தில் 600க்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகள் தீப்பிடித்து எரிந்தபோது, ஹங்கேரியிலிருந்து வந்த குழு பழைய டி-34 டாங்கி ஒன்றின் மேல் மிக்-21 போர் விமானத்தின் இரண்டு எந்திரங்களைப் பொருத்தி, அவற்றின் வெளியேற்றத்தில் தண்ணீரைக் கலந்து பீய்ச்சியது. “பெருங்காற்று” என்பதுதான் அந்த எந்திரத்துக்கு வைத்த பெயர். வெடிமருந்து வைத்துக் கிணற்றுத் தீயை அணைக்கும் பழைய முறையிலும் இதே தத்துவம்தான்: ஒரு கணம் சுடரையும் எண்ணெயையும் பிரித்துவிடுவது. ஆனால் அணைந்த பிறகும் சுற்றியிருந்த இரும்பும் மண்ணும் பழுக்கக் காய்ந்திருக்கும். தண்ணீர் அடித்து அந்தக் கையிருப்பைக் கரைக்காவிட்டால் எண்ணெய் தானாகவே மறுபடி பற்றிக்கொள்ளும்.

சுடருக்கு ஒதுக்கிடம் தேடியவர்கள்

சுடருக்குக் காற்று வேண்டும், ஆனால் மோதக்கூடாது. விளக்கு செய்யும் கலையின் வரலாறு முழுவதும் இந்த ஒரு வரிக்குள் அடங்கும். பழைய வீடுகளின் சுவரில் குடைந்த விளக்குமாடம் அந்தக் கலையின் எளிய வடிவம். 1780களில் ஜெனீவாவைச் சேர்ந்த அமி ஆர்கண்ட், திரியைக் குழல் போலச் செய்து அதன் உள்ளேயும் வெளியேயும் காற்று ஏற வழி விட்டார். மேலே ஒரு கண்ணாடிப் புகைபோக்கியும் வைத்தார். கண்ணாடி காற்றின் மோதலைத் தடுத்தது. உள்ளே நின்ற சூடான வாயுத் தூண் கீழிருந்து புதுக்காற்றை ஒரே சீராக இழுத்தது. வெளிச்சம் பல மடங்கு கூடியது, புகை குறைந்தது.

நம் வீடுகளில் அரிக்கேன் விளக்கு என்றும் ராந்தல் என்றும் வழங்கியது இதன் அடுத்த படி. “ஹரிக்கேன்” என்றால் சூறாவளி, சூறாவளியிலும் அணையாதாம். இருபுறமும் கைப்பிடி போல வளைந்து இறங்கும் தகரக் குழாய்கள் அழகுக்காக வைத்தவையல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்கரான ஜான் இர்வின் வகுத்த அமைப்பு அது. மேலே காற்று நுழையும் வாயும் புகை வெளியேறும் வாயும் கிட்டக்கிட்ட இருப்பதால், திடீரென்று வீசும் காற்று இரண்டையும் ஏறக்குறைய ஒரே மாதிரி அழுத்துகிறது. உள்ளே அழுத்த வேறுபாடு பெரிதாக மாறாததால் சுடர் துடிக்கிறது, அணைவதில்லை.

காற்றின் மோதல் ஆபத்தாக முடிந்த விளக்கும் உண்டு. 1815இல் ஹம்ப்ரி டேவி சுரங்கத் தொழிலாளர்களுக்காக வலைக்கூடு போட்ட விளக்கைச் செய்தார். உலோக வலை சூட்டைப் பறித்துக்கொள்வதால் உள்ளிருக்கும் சுடர் வெளியே உள்ள எரிவாயுவைப் பற்றவைக்காது. ஆனால் சுரங்கத்தில் பலமான காற்றோட்டம் இருந்தால், அது சுடரை வலை மீது சாய்த்து, வலையைப் பழுக்கக் காய்ச்சி, கண்கள் வழியே வெளியே தள்ளிவிடும். நின்ற காற்றில் காவலாக இருந்தது ஓடும் காற்றில் பொறியாக மாறியது.

சமையலறை எரிவாயு அடுப்பில் இந்தப் போட்டியைத் தினமும் பார்க்கிறோம். குழாயிலிருந்து பீறிடும் வாயு, பக்கத் துளை வழியே காற்றையும் இழுத்துக்கொண்டு பர்னருக்கு வருகிறது. கலவை சரியாக இருந்தால் நீலச் சுடர். காற்று குறைந்தால் மஞ்சளாகிப் பாத்திரத்தில் கரி பிடிக்கும். காற்று மிகுந்தால் சுடர் துளையைவிட்டு எழும்பித் தத்தளிக்கும். மேலே மின்விசிறியோ பக்கத்தில் சன்னலோ காற்றைத் தள்ளினால் சுடர் பாத்திரத்தின் அடியிலிருந்து விலகி, வாயு வீணாகும்; சிறு தணலில் வைத்த அடுப்பு அணைந்துவிட்டால் வாயு மட்டும் கசிந்துகொண்டிருக்கும்.

ஜெட் எந்திரத்தில் இதே சிக்கல் நூறு மடங்காகிறது. அழுத்தி அனுப்பப்படும் காற்று நொடிக்கு ஏறக்குறைய 150 மீட்டர் வேகத்தில் எரிகலனை நெருங்குகிறது. மண்ணெண்ணெய் ரகச் சுடர் அதை எதிர்த்து நிற்க வழியே இல்லை. ஆகவே பொறியாளர்கள் பாதையை அகலமாக்கி வேகத்தைக் குறைக்கிறார்கள். ஒரு பகுதிக் காற்றை மட்டும் சுடரின் அருகே விட்டு, அதையும் சுழலவைக்கிறார்கள். ஆற்றில் பாறைக்குப் பின்னால் நீர் திரும்பிச் சுழல்வதைப் போல, அங்கே எரிந்த சூடான வாயு பின்னோக்கி வந்து புதிய கலவையைப் பற்றவைத்துக்கொண்டே இருக்கிறது. 2016 ஆகஸ்ட் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் இஸ்ரோ சோதித்த ஸ்க்ராம்ஜெட் எந்திரத்தில் காற்று ஒலியைவிட வேகமாகவே உள்ளே பாய்கிறது. அதனுள் சுடரை ஐந்து நொடி நிலைநிறுத்தியது செய்தியானது. வாசற்படியில் அகலைச் சுற்றிக் குவிந்த கையும் இதைத்தான் செய்கிறது: ஓட்டத்தின் நடுவே, சூடு தங்க ஓர் ஒதுக்கிடம்.

கங்கின் கணக்கு

கங்குக்கு வருவோம். ஒரு மீட்டர் கயிற்றில் கட்டிய மாவளியை நொடிக்கு இரண்டு சுற்று சுற்றினால் அது மணிக்கு ஏறத்தாழ 45 கிலோமீட்டர் வேகத்தில் காற்றைக் கிழிக்கிறது. எந்த அகலும் தாங்காத அந்த வேகத்தில் கரி மேலும் பழுக்கிறது.

கரித்துண்டின் மேற்பரப்பை ஒட்டி, ஏறக்குறைய அசையாத ஒரு மெல்லிய காற்றுப் படலம் இருக்கும். ஆக்சிஜன் அதைக் கடந்து ஊறித்தான் கரியைத் தொட வேண்டும். காற்று வேகமாக வீசினால் படலம் மெலிகிறது. ஆக்சிஜன் வரத்து கூடுகிறது. அதே படலம் மெலிவதால் சூடும் அதிகமாக வெளியேறுமே என்று கேட்கலாம், வெளியேறத்தான் செய்கிறது. ஆனால் கங்கு தன் சூட்டின் பெரும் பங்கை இழப்பது காற்றிடம் அல்ல, கதிர்வீச்சாக. செக்கச் சிவந்து ஒளிர்வதே அந்த இழப்புதான். கதிர்வீச்சின் அளவு கங்கின் வெப்பநிலையைச் சார்ந்தது. காற்று வேகத்தால் நேரடியாகக் கூடுவதில்லை. ஆகவே காற்று கூடும்போது வரவு ஏறும் அளவுக்குச் செலவு ஏறுவதில்லை. மிஞ்சியது கங்கைச் சூடாக்குகிறது, சிவப்பு மஞ்சளாகிறது. இன்னும் மிக வேகமாக வீசினால், வேதிவினை அந்த ஆக்சிஜன் அத்தனையையும் பயன்படுத்த முடியாத கட்டம் வரும். அப்போது செலவு முந்திக்கொண்டு சிறு கங்கு அணையும். கங்குக்கும் ஓர் எல்லை உண்டு. சுடரைவிட வெகுதூரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

அடுப்பிலிருந்து தனியே எடுத்துப்போட்ட ஒற்றைக் கங்கு சீக்கிரம் கருத்துப்போவதும், குவியலாக இருந்தால் விடியும்வரை கனிவதும் இதே கணக்கு. குவியலில் ஒன்றின் கதிர்வீச்சை மற்றொன்று வாங்கிக்கொள்கிறது. “நீறு பூத்த நெருப்பு” என்று நாம் வஞ்சத்துக்குச் சொல்லும் சொல்லில் நுட்பமான அவதானிப்பு இருக்கிறது. சாம்பல் ஆக்சிஜனை மட்டுப்படுத்துகிறது, சூட்டையும் வெளியே விடாமல் காக்கிறது. வரவும் செலவும் குறுகிய நிலையில் கங்கு பல மணி நேரம் உயிரோடு கிடக்கிறது. ஒரு ஊது போதும், சாம்பல் பறந்து கணக்கு மறுபடி திறந்துகொள்ளும்.

இரும்பு உருக்கியவர்களின் கலை இந்தக் கணக்கின் மீது எழுந்தது. பெரும்பாலான நாடுகளில் துருத்தியால் காற்றை ஊட்டினார்கள். இலங்கையின் மத்திய மலைநாட்டுத் தெற்கு அடிவாரத்தில், பலாங்கொடைக்கு அருகே சமனலவெவ பகுதியில் தொல்லியலாளர் கில் ஜூலெஃப் கண்டது வேறு வழி. மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளின் விளிம்பில் வரிசையாக உலைகள். தென்மேற்குப் பருவக்காற்றே அவற்றின் துருத்தி. அவர் அதேபோன்ற உலையைக் கட்டி இயக்கிப் பார்த்து, 1996இல் “நேச்சர்” இதழில் முடிவை வெளியிட்டார். முன்சுவரின் மேல்விளிம்பைத் தாண்டும் காற்று அங்கே அழுத்தத்தைக் குறைக்க, கீழேயுள்ள மண்குழாய்கள் வழியே காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. மிகுகரி எஃகும் அதில் கிடைத்தது. கி.பி. முதல் ஆயிரமாண்டில் அந்த வட்டாரத்தில் பெரிய தொழிலாகவே இது நடந்திருக்கிறது. வயலில் விளக்கை அணைத்த அதே பருவக்காற்று, மலைச்சரிவில் இரும்பைப் பழுக்கவைத்தது.

காற்றின் “செலவுப்” பக்கத்தைத் தனியே பிரித்துக் குறைத்தவர் ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் பியூமான்ட் நீல்சன். குளிர்ந்த காற்றுதான் ஊதுலைக்கு நல்லது என்று உலைக்காரர்கள் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், 1828இல் அவர் காற்றை முன்கூட்டியே சூடாக்கி ஊதும் முறைக்கு உரிமம் பெற்றார். ஆக்சிஜன் வந்தது, சூடு பறிபோகவில்லை. சில ஆண்டுகளில் ஒரு டன் இரும்புக்குத் தேவையான நிலக்கரி பாதிக்கும் கீழே இறங்கியது. 1856இல் ஹென்றி பெஸ்ஸமர் இன்னும் துணிந்தார். உருகிய வார்ப்பிரும்பின் உள்ளேயே குளிர்ந்த காற்றைச் செலுத்தி, எரிபொருளே இல்லாமல் எஃகு செய்வதாகச் செல்ட்டன்ஹாமில் கூடிய அறிவியலாளர்களிடம் அறிவித்தார். குழம்பு உறைந்துவிடும் என்பதே பொது எதிர்பார்ப்பு. நடந்தது வேறு: குழம்பிலிருந்த கரியும் சிலிக்கனும் எரிந்து, கலத்தின் வாயில் சுடர் சீற, இரும்பு மேலும் சூடேறியது. கையிருப்பு அத்தனை பெரிதாக இருக்கும்போது குளிர்காற்றும் எரிகாற்றுதான்.

தீ தன் காற்றை உண்டாக்கும்போது

காட்டுத்தீயில் காற்றின் மூன்றாவது வேலை, அதாவது சுடரை இடம் பெயர்ப்பது, தலைமை ஏற்கிறது. காற்று சுடரை முன்னே சாய்க்கிறது. சாய்ந்த சுடர், இன்னும் எரியாத புல்லையும் சருகையும் நெருங்கி உலர்த்திச் சூடாக்குகிறது. சுடர் அணையவில்லையா என்றால், பின்னால் எரிந்த சுள்ளியும் கட்டையும் கங்காக நின்று மறுபடி மறுபடி பற்றவைக்கின்றன. நன்றாக உலர்ந்த காட்டில் பலத்த காற்றடிக்கும்போது தீமுகம் காற்று வேகத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கில் முன்னேறும் என்பது ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் தரும் தோராயக் கணக்கு. மணிக்கு 50 கிலோமீட்டர் காற்றில் தீ மணிக்கு 5 கிலோமீட்டர் போகும். மலையேறும் மனிதரால் அந்த வேகத்தில் வெகுநேரம் தாக்குப்பிடிப்பது கடினம்.

மலைச்சரிவு காற்றைப் போலவே வேலை செய்கிறது. மேல்நோக்கி எரியும் தீக்குச் சரிவே சுடரைச் சாய்த்துக் கொடுக்கிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காய்ந்த புல்வெளிச் சரிவில் சிக்கிய மலையேற்றக் குழுவினரில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தது தமிழகம் மறக்காத துயரம்.

காற்றின் வேகத்தைவிடக் கொடியது அதன் திசைமாற்றம். 2009 பிப்ரவரி 7 அன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் வடமேற்கு அனல்காற்று தீயை நீண்ட ஒடுங்கிய நாக்காக இழுத்துச் சென்றது. மாலையில் காற்று தென்மேற்குக்குத் திரும்பியது. அதுவரை தீயின் விலாவாக இருந்த பல கிலோமீட்டர் நீளப் பக்கம், ஒரே நேரத்தில் அதன் முகமாக மாறியது. அன்றைய தீயில் இறந்தவர்கள் 173 பேர். பறக்கும் பொறிகள் தீமுகத்துக்குப் பல கிலோமீட்டர் முன்னால் விழுந்து புதுத்தீ மூட்டின. மாவளியிலிருந்து சிதறும் பொறிதான் அது. பட்டையும் சருகும் கங்காகி, காற்றில் பறக்கப் பறக்க அணையாமல் கனிந்துகொண்டே போகிறது.

தீ ஓர் அளவுக்கு மேல் வளர்ந்தால் வீசும் காற்றுக்குக் கட்டுப்படாமல் தன் காற்றைத் தானே படைக்கிறது. மேலெழும் சூட்டுத்தூண் சுற்றுப்புறக் காற்றை உறிஞ்சுகிறது. அந்தக் காற்று சுழல ஆரம்பித்தால் நெருப்புச் சுழல். சுழற்சி, ஆவியையும் ஆக்சிஜனையும் இறுக்கிக் கலந்து, எரிதலை மேலும் விரைவுபடுத்தும். 1923 செப்டம்பர் 1 அன்று டோக்கியோ நிலநடுக்கத்துக்குப் பின் ஹொன்ஜோ பகுதியில் ராணுவ உடைக் கிடங்கு இருந்த திறந்தவெளியில் மக்கள் அடைக்கலம் புகுந்தார்கள். எரிபொருள் இல்லாத வெட்டவெளி பாதுகாப்பு என்று அவர்கள் நினைத்தது இயல்பே. நெருப்புச் சுழல் அங்கே வந்தது. ஏறத்தாழ 38,000 பேர் மாண்டார்கள்.

சுவருக்குள் அடைபட்ட தீ

கட்டடத்துக்குள் எரியும் தீ பெரும்பாலும் காற்றுக்குப் பசித்திருக்கும். 1950களில் ஜப்பானிய ஆய்வாளர் குனியோ கவாகோயே, அறைத் தீ எரியும் வேகம் உள்ளே எவ்வளவு சாமான் இருக்கிறது என்பதைவிட, சன்னலும் கதவும் எவ்வளவு பரப்பு, எவ்வளவு உயரம் என்பதைச் சார்ந்திருப்பதைக் கண்டார். மூடிய அறையில் தீ அடங்கிப் புகைந்துகொண்டிருக்கும். வெப்பமும் எரியக்கூடிய புகையும் மட்டும் சேர்ந்துகொண்டே போகும். கதவைத் திறப்பது அந்தக் கையிருப்புக்கு ஆக்சிஜனைக் கொடுப்பது. வெளியேறும்போது கதவைச் சாத்திவிட்டுப் போங்கள் என்று தீயணைப்புத் துறையினர் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

உயரமான கட்டடங்களில் வெளிக்காற்றும் சேர்ந்துகொள்ளும். 2008இல் நியூயார்க்கின் கவர்னர்ஸ் தீவில் ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில் அமெரிக்க ஆய்வாளர்களும் தீயணைப்புத் துறையினரும் தீ மூட்டிச் சோதித்தார்கள். காற்று வீசும் பக்கத்துச் சன்னல் உடைந்து, எதிரே உள்ள கதவு திறந்திருந்தால், தாழ்வாரம் முழுவதும் சில நொடிகளில் மனிதர் நிற்க முடியாத அனல்குழாயாகிவிடுவதைக் கண்டார்கள். தீக்கு வழி திறந்துவிட்டால் மட்டும் போதாது. காற்று எந்தப் பக்கமிருந்து நுழைந்து எந்தப் பக்கம் வெளியேறும் என்று முதலில் பார்க்க வேண்டும்.

1987 நவம்பர் 18 அன்று லண்டன் கிங்ஸ் கிராஸ் சுரங்க ரயில் நிலையத்தில் மரப்படி நகரேணியின் அடியில் ஒரு சிறு தீ. புகை மேலே எழும், சுடர் நின்று எரியும் என்பது எல்லோருடைய எதிர்பார்ப்பும். ஆனால் 30 பாகைச் சரிவில், இருபுறமும் பக்கச்சுவர் கொண்ட பள்ளத்தில், தீ தானே இழுத்த காற்று சுடரைப் படிகளோடு படுக்கவைத்தது. மேலே உள்ள படிகள் ஒவ்வொன்றாகச் சூடேறி, சட்டென்று பயணச்சீட்டுக் கூடத்துக்குள் தீ பீறிட்டது. 31 பேர் இறந்தார்கள். கணினிக் கணக்கு இதைக் காட்டியபோது முதலில் நம்பத் தயங்கினார்கள். சிறிய மாதிரி கட்டி எரித்துப் பார்த்தபோது சுடர் அப்படியே படுத்துக்கொண்டது.

இந்த அறிவு தனிமனிதருக்கும் உதவும். உடையில் தீப்பிடித்தவர் பயத்தில் ஓடுவார். ஓட்டம் தீக்குக் காற்றூட்டுகிறது. நிமிர்ந்த உடல் சுடர் ஏறுவதற்குச் சரிவாகிறது. ஓடாமல் நின்று, படுத்து, உருள வேண்டும்: காற்றை நிறுத்து, சரிவை இல்லாமலாக்கு, சுடரை நசுக்கு.

எங்கே இருக்கிறது சூடு?

இத்தனை துறைகளும் கண்டதைச் சேர்த்துச் சொன்னால்: மெல்லிய வாயுப் படலத்தில் மட்டும் சூட்டை வைத்திருக்கும் தீயைக் காற்று கொல்லும். திடப்பொருளிலோ, சூழ்ந்த சுவரிலோ, தன் பெருத்த உடலிலோ சூட்டைத் தேக்கிய தீயைக் காற்று வளர்க்கும். இரண்டுக்கும் எல்லை உண்டு. அந்த எல்லையை வகுப்பது தங்கும் நேரமும் எரியும் நேரமும் நடத்தும் போட்டி. விளக்கு செய்தவர்கள் சுடருக்கு ஒதுக்கிடம் கொடுத்து அந்த எல்லையைத் தள்ளிப்போட்டார்கள். உலைக்காரர்கள் காற்றைச் சூடாக்கித் தள்ளிப்போட்டார்கள். அணைக்க வருகிறவர்கள் அதற்கு நேர்மாறாகக் கையிருப்பைக் கரைக்கிறார்கள்.

ஆகவே தீயின் முன் நிற்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி “காற்று எவ்வளவு பலம்?” என்பதல்ல, “சூடு எங்கே இருக்கிறது?” என்பது. காட்டுத்தீ அணைப்பவர்களுக்கு இது கைப்பழக்கமாகவே இருக்கிறது. சுடர் எல்லாம் அடங்கிய பிறகும் அவர்கள் கிளம்புவதில்லை. கருகிய கட்டைகளைப் புரட்டி, சாம்பலின் மேல் புறங்கையை நீட்டி, ஒவ்வோரிடமாகச் சூடு பார்க்கிறார்கள். கண்ணுக்குத் தீ தெரியாது. புறங்கைக்குத் தெரியும். அந்த இடத்தைக் கிளறி, மண்ணையோ நீரையோ கலந்து குளிரவைத்துவிட்டுத்தான் நகர்கிறார்கள். மறுநாள் மதியம் காற்று எழும் என்பதும், அது எதைத் தேடி வரும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.